சமையலறைக் கழிவிலிருந்து காய்கறி நாற்று: வீவக வீட்டில் செய்வது எப்படி?

வெங்காயத் தோல், கீரைக் காம்பு, வடிகட்டிய தேயிலைத் தூள், சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ. நேற்றுச் சமைத்து முடித்ததும் இதெல்லாம் எங்கே போயிற்று? பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, குப்பைச் சரிவுக்குள் போட்டிருப்பீர்கள்.

"இதையே உரமாக்கிச் செடி வளர்க்கலாமே" என்று யோசித்திருக்கலாம். காணொளி பார்த்து முயன்றும் இருக்கலாம். ஒரு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். விதை முளைக்கும், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவீர்கள். திடீரென்று ஒரு நாள் காலையில் பார்த்தால், கன்றுகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும்.

"எனக்குக் கைராசி இல்லை" என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். பல நேரங்களில் சிக்கல் உரத்தில்தான் இருக்கிறது. அது உரமாக மாறி முடிப்பதற்குள் நாம் விதையைப் போட்டுவிடுகிறோம்.

சுருக்கமாக:

• கழிவு உரமாக மாற 2 முதல் 4 மாதம் ஆகும். அதற்கு முன் அதில் விதைத்தால் நாற்று வாடலாம், சாகலாம்.

• உரம் முதிர்ந்துவிட்டதா என்பதை 10 கீரை விதைகளை வைத்து வீட்டிலேயே சோதிக்கலாம்.

• நாற்றுக்குத் தனி உரம் வேண்டாம். ஒரு பங்கு உரம், மூன்று பங்கு தேங்காய் நார்த்தூள் போதும்.

இப்போது குப்பைக்கு என்ன ஆகிறது?

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டு சுமார் 755,000 டன் உணவுக் கழிவு சேர்ந்தது. அதில் மறுபயனீடு செய்யப்பட்டது 18 விழுக்காடு மட்டுமே.

மிச்சம் எரியாலைக்குப் போகிறது. எரித்த பிறகு மிஞ்சும் சாம்பல், கடல் தாண்டி செமக்காவ் நிரப்புநிலத்துக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்த இடம்தான் இப்போது நாட்டில் இருக்கும் ஒரே நிரப்புநிலம். 2035ஆம் ஆண்டுவாக்கில் அது நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அதாவது, நாம் எரியாலைக்கு அனுப்புவதில் நிறைய வெறும் ஈரம்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு இதில் சட்டமே இருக்கிறது. 2024 ஜனவரி முதல், அதிக உணவுக் கழிவை உருவாக்கும் பெரிய வர்த்தக, தொழில் வளாகங்கள் அதைத் தனியாகப் பிரித்துப் பதப்படுத்த வேண்டும். வீடுகளுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. நாமாகச் செய்தால்தான் உண்டு.

உரம் என்றால் உண்மையில் என்ன?

பாக்டீரியாவும் பூஞ்சையும் கழிவைத் தின்று, செரித்து, மிச்சம் வைப்பதுதான் மக்கிய உரம். அந்த நுண்ணுயிர்களுக்கு நான்கு பொருள்கள் தேவை: கார்பன், நைட்ரஜன், காற்று, ஈரம்.

காய்ந்த இலை, அட்டைப்பெட்டி, முட்டைத் தட்டு போன்றவற்றில் கார்பன் அதிகம். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைத் தூள் போன்றவற்றில் நைட்ரஜன் அதிகம். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்.

கணக்குப் பார்க்கத் தராசு எல்லாம் தேவையில்லை. ஒரு கைப்பிடி சமையலறைக் கழிவு போட்டால், இரண்டு கைப்பிடி காய்ந்த பொருள் போடுங்கள். அவ்வளவுதான்.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

போடலாம்:

• காய்கறித் தோல், கீரைக் காம்பு, கறிவேப்பிலைக் காம்பு, பழத்தோல்

• தேயிலைத் தூள், காப்பித் தூள் (தேயிலைப் பைகளில் பிளாஸ்டிக் கலந்திருக்கலாம். கிழித்து, தூளை மட்டும் போடுங்கள்)

• மாலைப் பூக்கள் (நூல், கம்பி, ஜிகினா ஆகியவற்றை எடுத்துவிட வேண்டும்)

• துண்டாக்கிய வாழை இலை, காய்ந்த இலை, பளபளப்பு இல்லாத அட்டை

• நொறுக்கிய முட்டை ஓடு

போடக்கூடாது:

• இறைச்சி, மீன், இறால் ஓடு, பால் பொருள்

• குழம்பு, பொரியல், எண்ணெய்ப் பலகாரம்

• நோய் பிடித்த செடி

ஏன் இந்தத் தடை? பெரிய உரக்குவியல் தானாகவே சூடாகும். 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில நாள்கள் சூடு நீடித்தால், நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அழிந்துவிடும். வீட்டில் வைக்கும் சின்ன வாளி அந்த அளவு சூடாகாது. அதனால் நாம் உள்ளே போடுவதில்தான் கவனமாக இருக்க வேண்டும். மீந்துபோன குழம்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, உப்பு. அது உரத்தில் சேர்ந்துகொண்டே போகும். இளம் வேருக்கு உப்பு ஆகாது.

வாளி சூடாகாததற்கு ஒரு வேடிக்கையான சாட்சியும் உண்டு. வீட்டு உரம் போட்ட தொட்டிகளில் தக்காளி தானாக முளைத்து வரும். வாளிக்குள் போன விதை அழியாமல் பிழைத்திருக்கிறது என்று அர்த்தம்.

எப்படிச் செய்வது?

1. மூடியுள்ள 20 லிட்டர் வாளிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பக்கங்களிலும் அடியிலும் துளை போடுங்கள். துளைகளை உள்பக்கமாக மெல்லிய கொசுவலைத் துணியால் மூடுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள்.

2. முதல் வாளியின் அடியில் மூன்று விரல் உயரத்துக்குக் காய்ந்த பொருள். அதன்மேல் பழைய தொட்டி மண் ஒரு கைப்பிடி. நுண்ணுயிர்கள் அதிலிருந்தே வந்துவிடும். கடையில் தனியாக வாங்க வேண்டியதில்லை.

3. தினமும் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போடுங்கள். இரு மடங்கு காய்ந்த பொருளால் மூடுங்கள். கழிவு வெளியே தெரியக்கூடாது.

4. வாரம் இருமுறை கிளறுங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். ஒழுகினால் அட்டை சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

5. வாளி நிரம்பியதும் நிறுத்துங்கள். இனி அதில் ஒரு தோல்கூடப் போடக்கூடாது. புதுக் கழிவு இரண்டாவது வாளிக்குப் போகட்டும்.

ஐந்தாவது படிதான் ரொம்ப முக்கியம். பலர் ஒரே வாளியில் தினமும் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அடியில் மக்கியிருக்கும், மேலே நேற்றைய வாழைப்பழத் தோல் கிடக்கும். அப்படிச் செய்தால் அந்த வாளி எப்போதுமே முதிராது.

காய்ந்த இலைக்கு உங்கள் தொட்டிச் செடிகளையே பாருங்கள். பூங்காக்களிலிருந்தும் இயற்கைவனக் காப்பகங்களிலிருந்தும் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். இணையத்தில் பொருள் வாங்குபவரா நீங்கள்? அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமே இருக்காது. ஒட்டுநாடாவை உரித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

"நாத்தம் வராதா? பூச்சி வருமே?"

அம்மா முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வியும்கூட.

சரியாக நடக்கும் வாளியில் துர்நாற்றம் வராது. வந்தால் அது ஒரு தகவல். மூக்கைப் பிடுங்கும் அம்மோனியா வாடை அடித்தால் நைட்ரஜன் அதிகம், காய்ந்த பொருள் சேர்க்க வேண்டும். அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே காற்று இல்லை, ஈரம் அதிகம். கிளறிவிட்டு அட்டை சேருங்கள்.

சின்னப் பழ ஈக்கள் சுற்றினால், பழத்தோல் மேலே திறந்து கிடக்கிறது என்று பொருள். இன்னும் கொஞ்சம் காய்ந்த இலை போட்டு மூடுங்கள்.

சரி, நாற்று ஏன் சாகிறது?

விதைக்குள் அதன் முதல் சில நாள்களுக்கான சாப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. முளைத்ததும் முதலில் விரியும் இரண்டு இலைகள் விதையிலைகள். அதற்கு அடுத்து வரும் உண்மையான இலைகள் வளரும்வரை நாற்றுக்கு வெளியிலிருந்து பெரிதாக உரம் தேவையில்லை. அது கேட்பதெல்லாம் ஈரம், காற்று, வெளிச்சம்.

முதிராத உரம் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

• நுண்ணுயிர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். வேரைச் சுற்றியுள்ள ஆக்சிஜனை அவை பயன்படுத்திவிடும்.

• அம்மோனியாவும் கரிம அமிலங்களும் வெளியாகும். நூல்போன்ற இளம் வேர் அதில் கருகும்.

• கார்பன் அதிகமாக மிஞ்சியிருந்தால், மண்ணில் இருக்கும் நைட்ரஜனை நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்ளும். நாற்று மஞ்சளாகும், வளராமல் நிற்கும்.

இப்படிப் பலவீனமான நாற்றைத்தான் நாற்றழுகல் நோய் எளிதில் பிடிக்கும். மண்ணில் வாழும் சில பூஞ்சை வகைகள் அதற்குக் காரணம். மண்ணை ஒட்டியிருக்கும் தண்டு மெலிந்து, கறுத்து, கன்று அப்படியே மடிந்து விழும். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. அதிகத் தண்ணீரும் காற்றோட்டம் இல்லாத மூலையும் சேர்ந்தால் ஒரே இரவில் முழுத் தட்டும் போய்விடும்.

வளர்ந்த செடி அரைகுறை உரத்தைக்கூடச் சமாளித்துவிடும். நாற்றால் முடியாது. ஒரே உரம் பெரிய தொட்டியில் பலன் தந்து, விதைத் தட்டில் கெடுதல் செய்வது இதனால்தான்.

முதிர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

மூன்று சோதனைகள். மூன்றும் இலவசம்.

கண்ணும் மூக்கும்: உரம் மூன்றில் ஒரு பங்காகவோ பாதியாகவோ சுருங்கியிருக்கும். கரும்பழுப்பு நிறம். எது வெங்காயத் தோல், எது கீரைக் காம்பு என்று அடையாளம் தெரியாது. மழை பெய்ததும் வரும் மண்வாசனை வீசும். மண்ணில் வாழும் ஒரு வகை பாக்டீரியா உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை அது.

பை சோதனை: ஈரமான உரம் ஒரு கைப்பிடியை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடையோ அம்மோனியாவோ வந்தால், பை உப்பியிருந்தால், இன்னும் காலம் இருக்கிறது.

விதை சோதனை: இதைத்தான் நம்ப வேண்டும். ஒரு கிண்ணத்தில் தேங்காய் நார்த்தூள் மட்டும். இன்னொன்றில் பாதி நார்த்தூள், பாதி உங்கள் உரம். இரண்டிலும் 10 தண்டுக்கீரை விதைகள் போடுங்கள். ஒரே இடத்தில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள்.

நார்த்தூளில் 10 முளைத்து, உரக் கிண்ணத்தில் 8க்குமேல் முளைத்து, கன்றுகளும் பச்சையாக நின்றால் உரம் தயார். 4 அல்லது 5 தான் வந்தது, வந்ததும் வெளிறிப்போயிருக்கிறது என்றால் வாளியை இன்னும் மூன்று வாரம் மூடி வையுங்கள். பிறகு மறுபடி சோதியுங்கள். 10 விதை போனால் போகட்டும், உங்கள் மிளகாய்த் தட்டு பிழைக்கும்.

நாற்றுக் கலவை எப்படி?

முதிர்ந்த உரத்தைச் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தங்கும் கட்டிகளை இரண்டாவது வாளியில் போடலாம்.

ஒரு பங்கு உரம், மூன்று பங்கு தேங்காய் நார்த்தூள். உரம் சத்தைத் தருகிறது. நார்த்தூள் ஈரத்தையும் காற்றோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது. தேங்காய் மட்டையிலிருந்து நாரை எடுத்தபின் மிஞ்சும் தூள் அது. பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் கயிற்றுத் தொழில் குவித்து வைத்த கழிவுதான் இன்று கட்டியாக்கப்பட்டு உலகமெங்கும் ஏற்றுமதியாகிறது. கட்டியை நன்றாக ஊறவைத்து, ஒருமுறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதிலும் உப்பு இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 20 லிட்டர் வாளி சுருங்கி 6 லிட்டர் உரம் தருகிறது என்று வையுங்கள். அதை நார்த்தூளோடு கலந்தால் 24 லிட்டர். விதைத் தட்டின் ஒரு குழிக்கு ஏறக்குறைய 50 மில்லிலிட்டர் போதும். அப்படியென்றால் 400க்கும் மேற்பட்ட நாற்றுகளுக்கான கலவை! தரையில் பாத்தி போட முடியாத அடுக்குமாடி வீட்டுக்கு நாற்று வளர்ப்பு பொருந்துவது இதனால்தான். கொஞ்சம் உரம் நிறைய தூரம் வரும்.

எந்த விதைக்கு எத்தனை நாள்?

• தண்டுக்கீரை, சாய் சிம்: 3 முதல் 5 நாளில் முளைக்கும். 2 முதல் 3 வாரத்தில் இடம் மாற்றலாம்.

• தக்காளி: 5 முதல் 8 நாள். இடம் மாற்ற 3 முதல் 4 வாரம்.

• கத்தரி: 7 முதல் 10 நாள். இடம் மாற்ற 4 முதல் 5 வாரம்.

• மிளகாய்: 7 முதல் 14 நாள், சில வகை இன்னும் தாமதமாகும். இடம் மாற்ற 5 முதல் 6 வாரம்.

• வெண்டை, பயிற்றங்காய்: வேரைத் தொந்தரவு செய்தால் இவற்றுக்குப் பிடிக்காது. வளர வேண்டிய தொட்டியிலேயே நேராக விதையுங்கள்.

விதையின் தடிமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மேலே தூவி லேசாக மூடினாலே வந்துவிடும். தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டாம், தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். இருட்டில் வைத்தால் தண்டு நீண்டு, மெலிந்து, தானாகவே சாயும்.

கீரைக்குத் தினமும் சுமார் 4 மணி நேர நேரடி வெயில் வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 6 மணி நேரம். உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு வெயில் வருகிறது என்பதை ஒரு நாள் குறித்துப் பார்த்துவிட்டு விதையைத் தேர்வு செய்யுங்கள்.

காணொளியில் பார்த்ததெல்லாம் சரியா?

"காப்பித் தூளை அப்படியே செடிக்குப் போடலாம்." நாற்றுக்கு வேண்டாம். மக்காத காப்பித் தூள் இளம் செடியின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடும். வாளியில் போட்டு மக்கவிடுங்கள்.

"முட்டை ஓட்டுக்குள் விதைத்து ஓட்டோடு நடலாம்." படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் ஓடு மக்க ரொம்ப நாளாகும், வேர் உள்ளேயே சுருண்டுவிடும். நடும்போது ஓட்டை நன்றாக நொறுக்கிவிடுங்கள்.

"வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர் சத்து நிறைந்தது." தோல் மக்கினால்தான் அதன் சத்தில் பெரும்பகுதி வெளியே வரும். ஊறிய தண்ணீர் புளிக்கும், கொசுவையும் ஈயையும் கூப்பிடும்.

"போகாஷி இரண்டு வாரத்தில் உரம் தரும்." போகாஷி என்பது காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் ஜப்பானிய முறை. இரண்டு வாரத்தில் கிடைப்பது ஊறுகாய் மாதிரி, அமிலம் அதிகம். மண்ணில் புதைத்து மேலும் சில வாரம் விட்ட பிறகே செடிக்கு ஆகும்.

வீவக வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

கொசு: தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். உரவாளியின் தட்டுக்கும் இதே விதிதான். டெங்கிக்கு முன்னால் மிளகாய்ச் செடி பெரிதல்ல.

நடைபாதை: பொது நடைபாதையில் தொட்டி வைத்தால், குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும். தீ விபத்து என்றால் எல்லாரும் அந்த வழியாகத்தான் ஓட வேண்டும்.

தடுப்புச் சுவர்: அதன் மேல் தொட்டி வைக்கவே கூடாது. கீழே ஆள் நடமாட்டம் உண்டு.

பக்கத்து வீடு: வாளியை அவர்கள் கதவுக்கு அருகே வைக்காதீர்கள். தொடங்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பின்னால் இரண்டு கத்தரிக் கன்று கொடுத்தால் உறவு இன்னும் பலப்படும்.

வெயிலே வராத வீடா? தேசியப் பூங்காக் கழகத்தின் ஆதரவில் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் தீவு முழுவதும் சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. பல தோட்டங்கள் தங்கள் உரத்தைத் தாங்களே தயாரிக்கின்றன. உங்கள் வட்டாரத் தோட்டத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள். அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தாத்தா, பாட்டிகளில் ஒருவருக்கு உங்கள் வாளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

இதனால் என்ன மாறும்?

நேர்மையாகச் சொன்னால், ஒரு வாளியால் செமக்காவ் நிரம்புவது நிற்காது. சிங்கப்பூர் சாப்பிடும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி. உங்கள் சன்னலோரத் தக்காளி அந்தக் கணக்கை மாற்றப்போவதும் இல்லை.

2020 ஜூனில், கொவிட்-19 காலத்தில், தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதைகளை அனுப்பத் தொடங்கியது. அந்தப் பொட்டலம் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். முளைத்ததா, இல்லை ஏதோ ஓர் இழுப்பறையில் இன்னும் கிடக்கிறதா?

கிடந்தால் இப்போது எடுத்துப் பாருங்கள். பழைய விதைகளில் சில முளைக்காமல் போகலாம். ஆனால் அவசரம் எதுவும் இல்லை. முதலில் வாளியைத் தொடங்குங்கள். வெங்காயத் தோல் மண்ணாக மாற எத்தனை நாள் ஆகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவர், அடுத்த முறை ஈரச்சந்தையில் கீரைக்கட்டை வாங்கும்போது அதைக் கொஞ்சம் வேறு மாதிரிதான் பார்ப்பார். அதில் பாதியை வாடவிட்டுத் தூக்கிப்போடவும் மனம் வராது.

இன்று அந்த வாளியில் முதல் கைப்பிடியைப் போட்டால், மூன்று மாதம் கழித்து 10 கீரை விதைகளை எடுத்து வையுங்கள். தயாரா இல்லையா என்பதை அவை சொல்லும்.